பிகாஸுக்குப் பின்னால் வருவது

அரியலூர்
11.2.1980

அன்புள்ள மலர்,

பக்கத்தில் யாராவது இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி. அவசரம் ஒன்றும் இல்லை. இல்லை, அவசரம்தான். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தர வேண்டும். பிகாஸ் என்ற வார்த்தை.

ஆறாம் வகுப்போடு நின்றவன் குவாரி ஆபீசில் இங்கிலீஷ் எழுதுகிறான் என்று நீ உன் பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் சொல்லிச் சிரிப்பாயே, அந்த வேலையில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஹெட் கிளார்க் குருநாதன் சார் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுப்பார். நான் அதைப் பார்த்துப் பெரிய நோட்டில் அழகாக எழுதி வைப்பேன். கோலம் பார்த்துப் போடுவது மாதிரிதான். வளைவு எங்கே, புள்ளி எங்கே என்று தெரியும். அது என்ன சொல்கிறது என்று தெரியாது. அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் சொன்னால் அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாது எனக்கு.

போன வியாழக்கிழமை குவாரியில் வெடி வைத்தபோது அய்யாக்கண்ணு அண்ணன் செத்துப் போனார். விக்கிரமங்கலத்துக்காரர், லாரிக்குக் கல் ஏற்றுகிறவர். நீ இங்கே வந்திருந்தபோது பாப்பாவுக்கு இலந்தைப் பழம் கொண்டுவந்து கொடுத்தாரே, அவர்தான்.

மறுநாள் குருநாதன் சார் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். விபத்து நோட்டில் எழுதச் சொன்னார். நாலு வரி. எழுதினேன். எல்லாப் பக்கத்திலும் போடுகிற மாதிரி கீழே கையெழுத்தும் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், அந்த நாலு வரிக்குள் என் பெயர் இருந்தது. என் பெயரை இங்கிலீஷில் படிக்க எனக்குத் தெரியும் மலர். முதலில் அய்யாக்கண்ணு பெயர். அப்புறம் ஒரு நீள வார்த்தை. அதற்கப்புறம் என் பெயர்.

"இது என்னா சார்?" என்று அந்த நீள வார்த்தையைத் தொட்டுக் கேட்டேன்.

"பிகாஸ்டா. ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? பாத்து எழுதுனியா, போனியான்னு இரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தைக்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும்? வீட்டில் பேசுகிற பேச்சாகவே எழுதிக் காட்டு. யாரிடமும் சொல்லாதே.

ராசாங்கம்


பாடாலூர்
14.2.1980

மாமா,

உங்கள் வாத்தியாரம்மா எழுதுகிறேன். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்களா, மெயின் ரோட்டில் லாரி அடித்துப் போட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. வந்த கடிதத்திலும் இங்கிலீஷ் பாடம். என்ன ஜென்மமோ நீங்கள்.

அய்யாக்கண்ணு அண்ணனை நினைத்து அழுதேன். அவர் சம்சாரம் சின்னம்மா அண்ணிக்கு எப்படிச் சொல்லித் தேற்றினீர்கள்? பாவம், பாதி வளர்ந்த பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

சரி, பாடம். ஏன் என்று ஒருவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லும்போது வருகிற வார்த்தை அது. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, பிகாஸ் போட்டு, எதனால் நடந்ததோ அதைப் பின்னால் சொல்ல வேண்டும். நாம் பசிக்குது, அதனால அழுவுறா என்போம். வெள்ளைக்காரன் அழுவுறா, பிகாஸ் பசிக்குது என்பான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வந்துவிட்டது, உங்களுக்கு வராதா? இதோ நம் வீட்டுப் பேச்சு.

பாப்பா அழுகிறாள் பிகாஸ் அவளுக்குப் பசிக்கிறது.

நான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனேன் பிகாஸ் பெரம்பலூர் பஸ் வரவில்லை.

குழம்பு உப்புக் கரித்தது பிகாஸ் யாரையோ நினைத்துக்கொண்டு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மாசி மகத்துக்கும் வரமாட்டார் பிகாஸ் அவருக்கு லீவு கிடைக்காதாம்.

கடைசி வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். லீவு கிடைக்காதது நிஜமா, நீங்கள் கேட்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனாலும் வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. பிகாஸ் போட்டுவிட்டால் பின்னால் எதை எழுதினாலும் காரணம் மாதிரியே நிற்கும். நிஜமான காரணமா என்று அந்த வார்த்தை விசாரிக்காது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டுப்பாடம் எழுதாததற்குத் தினம் ஒரு பிகாஸ் கொண்டுவருவார்கள் என்று சொல்லவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் தமிழ் எழுத்து ஏன் இப்படி நடுங்கி இருக்கிறது? அந்த நாலு வரியை எழுதி அனுப்புங்கள். நான் படித்துச் சொல்கிறேன்.

மலர்க்கொடி


அரியலூர்
18.2.1980

மலர்,

உன் கடிதத்தைப் படித்தேன். பின்னால் வருவது காரணம் என்கிறாய். அய்யாக்கண்ணு அண்ணன் பெயருக்குப் பின்னால் பிகாஸ், அதற்குப் பின்னால் என் பெயர். அப்படியானால் அவர் சாவுக்கு நான்தான் காரணம் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா?

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். என் பழைய வேலை என்ன என்று உனக்குத் தெரியும். வெடி வைப்பதற்கு முன்னால் பள்ளத்துக்குப் போகிற பாதையில் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்களைத் தடுக்கிற வேலை. ஆபீசுக்கு எழுதக் கூப்பிடாத நேரங்களில் இன்றைக்கும் அது என் வேலைதான். சங்கு ஊதினால் கொடி இல்லாவிட்டாலும் ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் சங்கு மோட்டார் எரிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அதனால் கொடி ஒன்றுதான் காவல்.

வியாழக்கிழமை நான் கொடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். குருநாதன் சார் கூப்பிட்டார். "ரெண்டே பக்கம்டா. வெடிமருந்து நோட்டு பாக்கி கெடக்கு. எழுதிட்டுப் போ, வேற ஆள நிக்கச் சொல்லிட்டேன்." நான் கொடியைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வேறு ஆள் யாரும் போகவில்லை. அய்யாக்கண்ணு அண்ணன் மறந்து வைத்த கடப்பாரையை எடுக்கப் பள்ளத்துக்குள் போனார். அவ்வளவுதான்.

கொடி இன்னும் அந்தக் கதவோரத்தில்தான் இருக்கிறது. ஆபீசுக்குள் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

இன்று குருநாதன் சார் வெளியே போயிருந்தபோது அந்த நாலு வரியையும் தனித் தாளில் எழுதி எடுத்துவிட்டேன். இதற்குள் வைத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதையும் ஆபீஸ் தபால் பையிலேயே போடுகிறேன், தபால்காரர் வருகிற நேரம் ஆகிவிட்டது.

ராசாங்கம்


பாடாலூர்
21.2.1980

மாமா,

இதைத் தபாலில் போடவில்லை. அரியலூர் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, ஸ்டேஷன் எதிரே செல்லப்பன் டீக்கடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இனி நீங்களும் ஆபீஸ் பையில் எதையும் போடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். பசை விளிம்பைத் தாண்டி வழிந்து காய்ந்திருந்தது. நான் வெறும் பசைதானே என்று முதலில் நினைத்தேன்.

நேற்று இரண்டு பேர் புல்லட்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நல்ல மரியாதையாகப் பேசினார்கள். "டீச்சர், ராசாங்கம் சம்சாரம் நீங்கதானுங்களே? சும்மா இப்டிப் போனோம், பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம். பாப்பா எந்த வூட்டுல இருக்கும், நீங்க இங்க இருக்கறப்ப?" என்றார்கள். பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற வீடு இரண்டு தெரு தள்ளி என்று சொல்ல வாயெடுத்து, வேறு எதையோ சொன்னேன்.

நாலு வரியை அகராதி வைத்துக்கொண்டு மூன்று தரம் படித்தேன். தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று ஆசையாகக்கூட இருந்தது. இல்லை. அதில் எழுதியிருப்பது இது:

அய்யாக்கண்ணு இறந்துவிட்டான் பிகாஸ், கொடிக்காரன் ராசாங்கம் சிவப்புக் கொடி காட்டித் தடுத்தும், குடிபோதையில் இருந்த அவன் கேளாமல் வெடிப் பகுதிக்குள் நுழைந்தான். இதை நேரில் கண்ட சாட்சி நானே.

கீழே உங்கள் கையெழுத்து.

நீங்கள் கொல்லவில்லை மாமா. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் செத்தவரைக் குடிகாரர் ஆக்கிவிட்டார்கள், உங்களை அங்கே நிற்க வைத்துவிட்டார்கள். அந்த மனுஷன் கள்ளுக்கடைப் பக்கம்கூடப் போகாதவர்.

நியாயம் பேசுகிறவள் நான் என்று நீங்கள் நினைப்பீர்கள். பேசமாட்டேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வாயைத் திறக்காதீர்கள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு, கணக்கு முடித்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். ரோட்டோரத்தில் பெட்டிக்கடை வைத்துப் பிழைப்போம். பாப்பாவை நான் இன்று பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப் போய் என் மேஜைக்கு அடியில் உட்கார வைத்திருந்தேன். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டபோதெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மலர்


அரியலூர்
24.2.1980

மலர்,

செல்லப்பன் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். புல்லட் சமாச்சாரம் படித்ததும் அப்போதே பஸ் ஏறிவிடலாம் என்று பையை எடுத்தேன். குருநாதன் சார் குவாரி கேட்டில் நின்றுகொண்டிருந்தார். என் தோளில் கை போட்டு ஆபீசுக்குள் கூட்டிப் போனார்.

வரும் வியாழக்கிழமை விபத்தை விசாரிக்க மைன்ஸ் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்பதைக் குருநாதன் சார் எனக்குத் தமிழில் சொல்வார். நான் தமிழில் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வார். நான் என்ன சொன்னாலும் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதுகூட வேண்டாம் என்று, எதைக் கேட்டாலும் எஸ் சார் என்று மட்டும் சொல்லப் பழக்குகிறார்.

"காலம்பூரா ஒனக்கு ஆபீஸ் வேல. நாற்காலி போட்டுத் தரேன்" என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, "வெடி வைக்கிற எடம் பாரு. இன்னொருத்தன் கால் தப்பி உள்ள போயிட்டா யாரு என்னா கண்டா?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

நீ சொன்னபடியே ஆமாம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அது வரைக்கும் சரிதான்.

நேற்று சின்னம்மா அண்ணி வந்தார்கள். குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு இங்கே இடம் இல்லை என்று குவாரி கொடுத்த குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டியும் பானையும் தலையில் இருந்தன, மகள் பின்னால் நின்றாள். "நீதான் கடசியா அவரப் பாத்தியாமே தம்பி. கொடி காட்டுனியாமே. அவரு மூஞ்சி எப்டி இருந்திச்சு? ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார்கள்.

மலர், நான் தலையை ஆட்டினேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை, "சிரிச்சாரு அண்ணி" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என் கையைப் பிடித்து, "நல்லாரு" என்று சொல்லிவிட்டு விக்கிரமங்கலம் போகிற பாதையில் நடந்தார்கள்.

வார்த்தையைப் பழக வேண்டும் என்று நானும் இரண்டு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். தமிழில்தான்.

நான் பயப்படுகிறேன் பிகாஸ் புல்லட்டில் ஆள் வருகிறார்கள்.

நான் பயப்படுகிறேன் பிகாஸ் அண்ணி என்னை நல்லா இரு என்று சொன்னார்கள்.

இரண்டில் எது நிஜம் என்று நீதான் திருத்த வேண்டும்.

ராசாங்கம்


பாடாலூர்
26.2.1980

மாமா,

உங்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எதற்கு அந்த அண்ணியிடம் அப்படிச் சொன்னீர்கள்? நேற்று முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகளை அடித்தேன்.

பிறகு இப்படி நினைத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் உங்களுக்கு ஏதாவது ஆகி, எவனோ ஒருவன் என்னிடம் வந்து, உன் புருஷன் குடித்திருந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று சொல்லி, நானும் அவனை வாழ்த்தி அனுப்பியிருந்தால்? அவன் சொன்னதைக் காலம் முழுக்க முந்தானையில் முடிந்துகொண்டு திரிவேனே. அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

இது தைரியம் என்று எண்ணாதீர்கள். நாளைக்கே வேண்டாம் என்று இன்னொரு கடிதம் எழுதினாலும் எழுதுவேன். அதற்குள் இது கண்டக்டர் கைக்குப் போய்விடட்டும்.

குருநாதன் வாய் வழியாகப் போகாமல் நேராகப் போவதற்கு மூன்று வாக்கியம் தருகிறேன். இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், இப்படியே சொல்லிப் பழகுங்கள்.

ஐ வாஸ் நாட் தேர்.

நோபடி ஹெல்ட் தி ஃப்ளாக் பிகாஸ் ஐ வாஸ் ரைட்டிங் இன் தி ஆபீஸ்.

ஹி வாஸ் நாட் ட்ரங்க்.

நான் அங்கே இல்லை, நான் ஆபீசில் எழுதிக்கொண்டிருந்ததால் யாரும் கொடி பிடிக்கவில்லை, அவர் குடித்திருக்கவில்லை. அதே மூன்றையும் பின்பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

சொல்ல முடியாவிட்டால் சொல்ல வேண்டாம். நான் ஒரு நாளும் கேட்கமாட்டேன். நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திருமானூரில் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அந்த விலாசத்துக்கு எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மலர்


விக்கிரமங்கலம்
29.2.1980

மலர்,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிடு.

நேற்றுக் காலை செல்லப்பன் கடையில்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. இரண்டு மணி நேரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டீ கிளாஸ் கழுவிக்கொண்டே செல்லப்பன், "ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா மாப்ள?" என்று கேட்டான்.

ஆபீசில் இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம். குருநாதன் சார் என் பக்கத்தில், அவர் சட்டை என்மேல் உரசுகிற தூரத்தில். இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். "கொடி காட்டுனியான்னு கேக்குறாரு" என்றார் குருநாதன் சார். நான் வாயைத் திறந்தேன். ஐ என்ற ஒரு எழுத்துக்கு மேல் வரவில்லை. உன் மூன்று வாக்கியமும் மறந்துபோயிற்று.

"எஸ்ஸு சொல்லுடா" என்று மெல்லச் சொன்னார்.

விபத்து நோட்டு திறந்தே கிடந்தது. என்ன நினைத்தேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தேன். வாய்க்கு வராதது கைக்கு வந்தது. உன் எழுத்தின் வளைவுகள் அப்படியே வந்தன. குருநாதன் சார் நோட்டை இழுக்கப் பார்த்தார், இன்ஸ்பெக்டர் ஒரு விரலை உயர்த்தினார். மூன்று வாக்கியமும் எழுதி முடித்தேன். நான் பொருள் தெரிந்து எழுதிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

அவர் இரண்டு தரம் படித்தார். என்னைப் பார்த்து, "டைம்?" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். வெடிமருந்து நோட்டைக் கொண்டுவந்து விபத்து நடந்த வியாழக்கிழமைப் பக்கத்தைக் காட்டினேன். பத்தரை மணிக் கணக்கை எழுதும்போது வெடிச் சத்தத்தில் என் பேனா எகிறி, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியிருந்தது. அந்தக் கோட்டைக் காட்டினேன். பிறகு ஜன்னல் வழியாகப் பள்ளத்தைக் காட்டினேன். அவர் இரண்டு நோட்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என்ன செய்யப் போகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. "பாத்துப் போ" என்றார் குருநாதன் சார். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அந்தப் புல்லட் நின்றது. வேறு புல்லட்டாகவும் இருக்கலாம். நான் நின்று பார்க்கவில்லை. செல்லப்பன் வீட்டில் தங்கிவிட்டு, இன்று காலை கரும்பு வண்டி ஒன்றில் ஏறி இங்கே வந்தேன். அண்ணியைப் பார்க்காமல் உன்னிடம் வரக் கூடாது என்று தோன்றியது.

அண்ணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். "அண்ணன் குடிக்கலன்னு நோட்டுல எழுதிட்டேன் அண்ணி. இன்ஸ்பெக்டரு எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். முகம் மலர்ந்தது. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் கொடி காட்டல அண்ணி. நான் அங்கயே இல்ல. ஆபீசுல எழுதிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப சிரிச்சாருன்னியே?"

"பொய் அண்ணி."

"அப்ப அங்க ஒருத்தருமே இல்லையா? அவரு யாரையுமே பாக்கலையா?"

"யாரும் இல்ல அண்ணி."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மகளிடம் சொல்வது வெளியே கேட்டது. "ஒங்கப்பா குடிக்கலன்னு எழுதியாச்சாம்டி. தனியாத்தான் செத்தாராம்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

எதிர்த்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திருமானூர் போகிற பஸ் இரண்டு போய்விட்டது. பாதையில் மோட்டார் சத்தம் கேட்டால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனால் அதைவிடப் பயம் எனக்கு இந்தக் கதவைப் பார்த்துத்தான். அது திறந்ததும் அண்ணி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு புறப்படுகிறேன். திறக்கும் வரை இங்கேதான் இருப்பேன் மலர்.

ராசாங்கம்